எடைப்பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாவுச்சத்து, கிரியேட்டின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்துக்கு 3 முதல் 5 நாள் ஜிம்மில் எடை தூக்குபவர்களுக்கான பக்கம் இது. கணக்குகளை 70 கிலோ உடல் எடைக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், அது பற்றிய கேள்விகளைக் கீழே போய் முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

நேரம் முக்கியமா, அளவு முக்கியமா?

அளவுதான். மாவுச்சத்தில் (கார்போஹைட்ரேட்; சர்க்கரையும் இதில் அடங்கும்) நாள் முழுக்கச் சேரும் மொத்தம் முக்கியம். கிரியேட்டின் என்பது மீனிலும் இறைச்சியிலும் உள்ள, தசைக்கு ஆற்றல் தர உதவும் பொருள்; தூளாக விற்கிறார்கள். அதில் ஒரு நாளும் விடாமல் எடுப்பது முக்கியம். இவை இரண்டும் ஒழுங்காக இருந்தால்தான் நேரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. காலையில் பாதி வயிறு, மதியம் அவசரச் சாப்பாடு என்று ஓட்டிவிட்டு, பயிற்சி முடிந்த பத்தாவது நிமிடத்தில் குளுக்கோஸ் குடிக்கத் தவறிவிட்டோமே என்று வருந்துவதில் பயனில்லை.

நேரம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி செய்பவர்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கால் பயிற்சி செய்பவர்கள், விடியற்காலையில் ஜிம்முக்குப் போகிறவர்கள், எடை குறைக்கக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் கடிகாரத்தைப் பார்த்தே சாப்பிட வேண்டும்.

எடை தூக்கும்போது உடல் எதைச் செலவழிக்கிறது?

தசைக்குள் தயாராக இருக்கும் ஏடிபி, அதாவது செல்கள் நேரடியாகச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். அதை உடனே திரும்ப உருவாக்கித் தருவது பாஸ்ஃபோகிரியேட்டின், அதாவது தசையில் பாஸ்பேட்டோடு சேர்ந்திருக்கும் கிரியேட்டின். சுமார் 10 நொடி வரை பெரும் பங்கு அதனுடையது. கனமான எடையில் 3 ரெப்ஸ் (3 முறை) ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்யும்போது உங்களைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) நீள நீள, அதாவது 10, 12 ரெப்ஸ் என்று 40 நொடியைத் தொடும்போது, தசையில் சேமித்துவைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் உடைந்து ஆற்றல் தருகிறது.

செட்டுகளுக்கு நடுவே 3 முதல் 5 நிமிடம் ஓய்வெடுத்தால் பாஸ்ஃபோகிரியேட்டின் ஏறக்குறைய முழுவதும் மீண்டுவிடும். கிளைக்கோஜன் அப்படி மீளாது. அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு மணிக்கணக்கு ஆகும்.

பெரியவர் ஒருவரின் தசைகளில் மொத்தம் 300 முதல் 500 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். கல்லீரலில் 80 முதல் 100 கிராம். வழக்கமான எடைப்பயிற்சியில், வேலை செய்த தசையின் கையிருப்பு கால் பங்கிலிருந்து 40 சதவீதம் வரை குறையும். நீண்ட ஓட்டத்தைப் போல முழுதாகக் காலியாவதில்லை. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகளுக்குப் பதில் தானாக விளங்கும்.

ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு மாவுச்சத்து வேண்டும்?

ஒரு கிலோ உடல் எடைக்கு 4 முதல் 7 கிராம். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் என்றால் கீழ் எல்லையே போதும்: 70 கிலோவுக்கு 280 முதல் 320 கிராம். தினமும் நிறைய செட்டுகள், கூடவே ஓட்டமோ விளையாட்டோ இருந்தால் மேலே போகலாம்.

கணக்குப் போட உதவும் எண்கள்: வேகவைத்த அரிசிச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25. சமைக்காத ஓட்ஸ் 60 கிராமில் 40. பிரெட் ஒரு துண்டில் 14. பலரும் தடுமாறுவது அரிசியில்தான். சமைக்காத அரிசிக்கான எண்ணை எடுத்துச் சோற்றின் எடையோடு பெருக்கினால் கணக்கு இரண்டரை மடங்குக்கு மேல் எகிறிவிடும். எடை பார்ப்பது சமைப்பதற்கு முன்பா பின்பா என்று ஒன்றை முடிவு செய்து, அதற்கான எண்ணையே பயன்படுத்துங்கள்.

பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்பு சாப்பிட வேண்டும்?

பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறதோ, கிலோவுக்கு அத்தனை கிராம் மாவுச்சத்து. சுலபமாக நினைவில் நிற்கும் கணக்கு இது. 3 மணி நேரம் முன்பு என்றால் கிலோவுக்கு 3 கிராம் வரை, 1 மணி நேரம் முன்பு என்றால் 1 கிராம். இது மேல் எல்லைதான். எடைப்பயிற்சிக்குப் பெரும்பாலானவர்களுக்கு 2 மணி நேரம் முன்பு 60 முதல் 100 கிராம் தாராளம்.

நேரம் நெருங்க நெருங்க, தட்டில் இருக்க வேண்டியவையும் மாறும். 3 மணி நேரம் இருந்தால் முழுச் சாப்பாடே சாப்பிடலாம். ஒரு மணி நேரமே இருந்தால் எண்ணெய், கொழுப்பு, நார்ச்சத்து மூன்றையும் குறைத்துவிடுங்கள்; அவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். நிறைந்த வயிற்றோடு பெல்ட்டை இறுக்கிக் கட்டி, மூச்சை அடக்கி ஸ்குவாட்டில் இறங்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. சாப்பிட்டது நெஞ்சு வரை எதுக்களிப்பது அதனால்தான். மார்புப் பயிற்சி நாளில் ஒன்றும் செய்யாத அதே சாப்பாடு, கால் நாளில் குமட்டலைக் கொண்டுவரும். கால் நாளில் மட்டும் சாப்பாட்டை அரை மணி நேரம் முன்னால் தள்ளிப் பாருங்கள்.

அரை மணி நேரம் முன்பு இனிப்பாகக் குடித்தேன். முதல் செட்டிலேயே தலை சுற்றியது. ஏன்?

சர்க்கரை சேர்ந்த பானம் குடித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இன்சுலின் உச்சத்தில் இருக்கும். அதே நேரத்தில் தசையும் வேலையைத் தொடங்கி ரத்தச் சர்க்கரையை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவைச் சற்று நேரம் தாழ்த்திவிடும். பலருக்கு இது தெரிவதே இல்லை; சிலருக்குக் கை நடுக்கம், வியர்வை, தலை லேசாவது போன்ற உணர்வு வரும்.

தீர்வு எளிது. ஒன்று, 2 மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். அல்லது வார்ம்-அப் தொடங்கும் போதோ அதற்கு 5, 10 நிமிடம் முன்போ குடியுங்கள். உடல் இயங்கத் தொடங்கிவிட்டால் இன்சுலின் அந்த அளவுக்கு எழும்பாது. இப்படிச் செய்தும் தலைசுற்றல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். காரணம் ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம்.

காலை 5.30 மணிக்கு வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாமா?

செய்யலாம். இரவுத் தூக்கத்தில் குறைவது பெரும்பாலும் கல்லீரலின் கிளைக்கோஜன்தான். தசையில் இருப்பது அப்படியே இருக்கும். ஆகவே காலைப் பயிற்சிக்கான மாவுச்சத்து முந்தைய இரவுச் சாப்பாட்டிலிருந்தே வருகிறது. இரவில் மாவுச்சத்தைத் தவிர்த்துவிட்டு, காலையில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குவது) ஏன் கனக்கிறது என்று கேட்பவர்கள் முதலில் திருத்த வேண்டியது இரவுச் சாப்பாட்டை.

45 நிமிடத்துக்கு மேல் போகும் பயிற்சி என்றால் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் அல்லது 20, 30 கிராம் மாவுச்சத்துள்ள ஏதாவது ஒன்று போதும். வயிறு அதையும் ஏற்காவிட்டால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய், முடித்ததும் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுங்கள்.

பயிற்சியின் நடுவே குளுக்கோஸ் நீர் குடிக்க வேண்டுமா?

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீரே போதும். ஒன்றரை மணி நேரம் தாண்டினாலோ, கடைசியாகச் சாப்பிட்டு 4, 5 மணி நேரம் ஆகியிருந்தாலோ, மணிக்கு 30 கிராம் உதவும். அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கலந்தால் 6 சதவீதக் கரைசல். இந்த அடர்த்தி வயிற்றில் தங்காமல் இறங்கும். இதே அரை லிட்டரில் 60 கிராமைக் கொட்டினால் வயிறு குலுங்கும், குமட்டும். ஒரேயடியாகக் குடிக்காமல் செட்டுக்குச் செட்டு இரண்டு வாய் குடியுங்கள்.

முடித்து 30 நிமிடத்துக்குள் மாவுச்சத்து எடுக்காவிட்டால் பயிற்சி வீணா?

இல்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். பயிற்சி முடிந்ததும் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளுட்-4 என்ற கடத்திகள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்து நிற்கும். முதல் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலேயே தசை சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் கிளைக்கோஜன் வேகமாகச் சேர்கிறது என்பது உண்மை. ஆனால் வேகமாகச் சேர்வது வேறு, மொத்தமாக அதிகம் சேர்வது வேறு. அடுத்த பயிற்சி நாளைதான் என்றால், அந்த 24 மணி நேரத்தில் போதுமான மாவுச்சத்து சாப்பிட்டாலே கையிருப்பு நிரம்பிவிடும். முதல் அரை மணியில் தொடங்கினாலும் இரண்டு மணி கழித்துத் தொடங்கினாலும் மறுநாள் வித்தியாசம் தெரியாது.

கடிகாரம் பார்க்க வேண்டியது, அதே தசைக்கு 8 மணி நேரத்துக்குள் மீண்டும் வேலை இருக்கும்போது. காலையில் போட்டிப் பயிற்சி, மாலையில் ஸ்குவாட் என்பது போல. அப்போது முடித்த உடனே தொடங்கி, முதல் 4 மணி நேரத்துக்கு மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வீதம், அதாவது 70 கிலோவுக்கு மணிக்கு 70 முதல் 84 கிராம். இது நிறையச் சாப்பாடு. பசியை நம்பினால் எட்டாது. பானம், பழம், சோறு என்று பிரித்து எடுக்க வேண்டும்.

புரதத்தோடு மாவுச்சத்து சேர்த்தால் தசை அதிகம் வளருமா?

புரதம் போதுமான அளவு, ஒரு வேளைக்கு 20 முதல் 40 கிராம், இருந்தால் மாவுச்சத்தைச் சேர்ப்பதால் தசைப் புரத உருவாக்கம் கூடுவதில்லை. இன்சுலினைத் தேவையான அளவுக்கு எழுப்பப் புரதமே போதும். பயிற்சிக்குப் பின் மாவுச்சத்து எடுப்பது கிளைக்கோஜனுக்காக. புரத ஷேக்கில் 50 கிராம் சர்க்கரை கலப்பதற்கு வேறு நியாயம் கிடையாது.

கிரியேட்டினை முன்பு எடுப்பதா, பின்பு எடுப்பதா?

இங்கேதான் குழப்பம் அதிகம். காபி குடித்தால் அரை மணியில் தெரியும்; கிரியேட்டின் அப்படிப்பட்டதல்ல. இன்று விழுங்கிய 5 கிராம் இன்றைய செட்டுக்கு உதவுவதில்லை. அது ரத்தத்தில் உச்சத்தைத் தொடவே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தசைக்குள் சேரும். இன்றைய செட்டில் உதவுவது, கடந்த வாரங்களில் சேர்ந்து நிரம்பிய கையிருப்பு.

உடலில் மொத்தம் சுமார் 120 கிராம் கிரியேட்டின் இருக்கிறது, அதில் 95 சதவீதம் எலும்புத் தசைகளில். ஒரு நாளைக்கு 2 கிராம் அளவுக்குச் சிதைந்து கிரியேட்டினினாகச் சிறுநீரில் போகும். கல்லீரலும் சிறுநீரகமும் ஒரு பங்கைத் தயாரிக்கின்றன, மீனும் இறைச்சியும் மீதியைத் தருகின்றன. தூள் எடுப்பது இந்தக் கையிருப்பை 20 முதல் 40 சதவீதம் உயர்த்தத்தான்.

பயிற்சிக்கு முன்னா பின்னா என்பதை நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. 19 ஆண்கள், 4 வாரம், தினம் 5 கிராம். பின்பு எடுத்தவர்கள் சற்று முன்னால் நின்றார்கள். ஆனால் புள்ளியியல்படி உறுதி சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. எங்கள் பரிந்துரை: பயிற்சிக்குப் பிந்தைய சாப்பாட்டோடு எடுங்கள். அதிசயம் நடக்கும் என்பதற்காக இல்லை. சாப்பாட்டோடு எடுத்தால் வயிறு தொந்தரவு செய்யாது, மறக்கவும் மறக்காது. காலைச் சாப்பாட்டோடு எடுப்பதுதான் உங்களுக்கு நினைவிருக்கும் என்றால் அதுவே உங்களுக்குச் சரியான நேரம்.

லோடிங் (தொடக்கத்தில் சில நாள் அதிக அளவு எடுப்பது) கட்டாயமா?

கட்டாயமில்லை, வேகம் மட்டுமே வேறு. ஒரு நாளைக்கு 20 கிராம், 5 கிராம் வீதம் நான்கு வேளை, 5 முதல் 7 நாள் எடுத்தால் ஒரே வாரத்தில் தசை நிரம்பும். தினம் 3 கிராம் மட்டும் எடுத்தாலும் 28 நாளில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துசேரும். மூன்று வாரத்தில் போட்டி இருந்தால் லோடிங் செய்யுங்கள். இல்லையென்றால் 5 கிராமில் தொடங்கி 5 கிராமிலேயே இருங்கள்.

லோடிங்கில் பெரும்பாலும் கெடுவது ஒரே விஷயத்தில்: 20 கிராமையும் ஒன்றாகவோ இரண்டாகவோ விழுங்குவது. உறிஞ்சப்படாத தூள் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், வயிறு போகும். ஒரு வேளைக்கு 5 கிராமைத் தாண்டாதீர்கள்.

சர்க்கரையோடு கலந்தால்தான் ஏறும் என்கிறார்களே?

அரை உண்மை. 1996-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு 5 கிராம் கிரியேட்டினுக்கும் பிறகு 93 கிராம் சர்க்கரை கொடுத்தார்கள். கிரியேட்டினை மட்டும் எடுத்தவர்களைவிடத் தசையில் சேர்ந்தது சுமார் 60 சதவீதம் அதிகம். இன்சுலின் கிரியேட்டினைத் தசைக்குள் தள்ளுகிறது என்பது இதில் தெளிவாயிற்று. ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை 93 கிராம் என்றால் 372 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 1,500 கலோரி. பின்னர் 50 கிராம் மாவுச்சத்தும் 50 கிராம் புரதமும் சேர்ந்தாலே ஏறக்குறைய அதே விளைவு கிடைக்கும் என்று தெரிந்தது. அது ஒரு நல்ல சாப்பாட்டின் அளவுதான்.

அதைவிட முக்கியம், சர்க்கரை கூட்டுவது நிரம்பும் வேகத்தை. தசைக்கு ஒரு மேல் எல்லை உண்டு. சில வாரத்தில் எல்லோரும் அதை எட்டிவிடுவார்கள். நிரம்பிய பிறகு சர்க்கரை சேர்ப்பதில் லாபமே இல்லை. சர்க்கரையும் கிரியேட்டினும் கலந்து விற்கும் டப்பாவை வாங்குமுன், ஒரு ஸ்கூப்பில் கிரியேட்டின் எத்தனை கிராம் என்று பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பகுதி சர்க்கரையாகவே இருக்கும்.

எப்படிக் கலக்க வேண்டும்? அடியில் மணல் மாதிரி தங்கிவிடுகிறது.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தண்ணீரில் எளிதில் கரையாது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டரில் கரைவது சுமார் 14 கிராம். குளிர்பெட்டித் தண்ணீரில் 6 கிராம்தான். ஆகவே 5 கிராம் முழுதாகக் கரைய, அறை வெப்பத் தண்ணீர் 350 மில்லிக்கு மேல் வேண்டும். ஐஸ் தண்ணீர் ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கினால் அடியில் வெள்ளையாகப் படிவது இதனால்தான், தூள் கலப்படம் என்று அர்த்தமில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரை 200 மில்லி எடுத்து, தூளைப் போட்டு ஒரு நிமிடம் கலக்குங்கள், உடனே குடியுங்கள். அடியில் தங்கியதைக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடித்துவிடுங்கள். கரையாத தூளும் வயிற்றில் போய் உறிஞ்சப்படத்தான் செய்யும். ஷேக்கரைக் கழுவும்போது அடியில் இருப்பதைக் கொட்டுகிறவர்கள் தினமும் ஒரு கிராமாவது சாக்கடைக்குக் கொடுக்கிறார்கள்.

முன்கூட்டியே கலந்து பாட்டிலில் வைக்காதீர்கள். நீரில், குறிப்பாக எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பானத்தில், கிரியேட்டின் மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக மாறும். சில மணி நேரத்தில் பெரிய இழப்பில்லை. நாள்கணக்கில் வைத்தால் இழப்புதான். உலர்ந்த தூள் மட்டும் ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

அளவுக்கு ஸ்கூப்பை நம்பாதீர்கள். ஒரு முறை மட்டும் சமையலறைத் தராசில் உங்கள் ஸ்கூப்பைத் தலைதட்டி நிறுத்துப் பாருங்கள். தூளின் நைசைப் பொறுத்து எடை மாறும்.

காபி குடித்தால் கிரியேட்டின் வேலை செய்யாதா?

1996-இல் ஓர் ஆய்வு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் காஃபீன் சேர்த்தபோது வலிமையில் பலன் காணாமல் போனதாகச் சொன்னது. ஆனால் தசையில் பாஸ்ஃபோகிரியேட்டின் அப்போதும் உயரத்தான் செய்தது. பிந்தைய ஆய்வுகள் ஒன்றுபோல இல்லை. 70 கிலோவுக்கு அந்த அளவு 350 மில்லிகிராம். ஒன்றிரண்டு கப் காபி அதை எட்டாது. தாராளமாகக் குடியுங்கள்.

தொடங்கிய வாரத்திலேயே 1.5 கிலோ ஏறிவிட்டது. கொழுப்பா?

தண்ணீர். கிரியேட்டின் தசைச் செல்லுக்குள் நீரை இழுத்து வைக்கும். கிளைக்கோஜனும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நீரைச் சேர்த்தே தங்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால் எடை 1 முதல் 2 கிலோ ஏறுவது இயல்பு. எடைப் பிரிவு உள்ள போட்டிக்கு நிற்பவர்கள் இதை முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். உடல் எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இரண்டு வாரம் தராசை விட்டுவிட்டு இடுப்பளவை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு மாதம் ஆயிற்று, ஒரு மாற்றமும் இல்லையே?

சிலருக்குத் தசையில் இயல்பாகவே கிரியேட்டின் மேல் எல்லைக்கு அருகில் இருக்கும். அவர்களுக்குச் சேர இடமில்லை. மாறாக, மீனும் இறைச்சியும் சாப்பிடாதவர்களுக்கு இருப்பு குறைவு என்பதால் பலன் நன்றாகத் தெரியும். எதிர்பார்ப்பையும் சரிபாருங்கள்: 8 ரெப்ஸ் வந்த எடையில் 9 அல்லது 10 வருவதுதான் கிரியேட்டினின் கைவரிசை. பயிற்சிக் குறிப்பேடு இல்லாதவர்களுக்கு இது கண்ணில் படாது.

எடை குறைக்கும்போது மாவுச்சத்தை எங்கே வைப்பது?

மொத்தம் கிலோவுக்கு 2, 3 கிராமாகக் குறையும் நாட்களில் நேரத்துக்கு மதிப்பு கூடுகிறது. கிடைப்பதில் பாதிக்கு மேல் பயிற்சிக்கு முந்தைய வேளையிலும் பிந்தைய வேளையிலும் வையுங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள், கிரியேட்டினை நிறுத்தாதீர்கள்.

மாலை 6.30-க்குப் பயிற்சி என்றால் ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலை 8 மணி: ஓட்ஸ் 60 கிராம், பால் 250 மில்லி, ஒரு வாழைப்பழம். மாவுச்சத்து 77 கிராம். மதியம் 1 மணி: சோறு 300 கிராம், பருப்பு, காய், சுமார் 109. மாலை 4.30: பிரெட் 2 துண்டு, வாழைப்பழம் ஒன்று; 53. பயிற்சி 6.30 முதல் 7.40 வரை, தண்ணீர் மட்டும். இரவு 8.15: சோறு 250 கிராம், காய், புரதத்துக்கு மீனோ முட்டையோ பருப்போ, சுமார் 80. சாப்பிட்டு எழும் முன் 5 கிராம் கிரியேட்டின். மொத்தம் 319 கிராம், கிலோவுக்கு நாலரை. இரவில் சோறு சாப்பிட்டால் கொழுப்பாகிவிடும் என்று இந்தக் கடைசி வேளையைக் குறைக்காதீர்கள். பயிற்சி முடித்த தசை அதற்காகத்தான் காத்திருக்கிறது.

சிறுநீரகத்துக்கு ஆபத்தா? ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது.

சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்குத் தினம் 3 முதல் 5 கிராம் தீங்கு செய்ததாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. கிரியேட்டின் சிதைந்தால் கிரியேட்டினின் என்பதால், தூள் எடுப்பவருக்கு அந்த எண் சற்றுக் கூடுவதுண்டு. தசை அதிகம் உள்ளவருக்கும் அப்படித்தான். அதற்காக நீங்களே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும், தசை அளவால் அதிகம் மாறாத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனையை அவர் எழுதித் தரலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சர்க்கரை நோய் இருந்தால்?

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இங்கே சொன்ன நேரக் கணக்கு அப்படியே பொருந்தாது. கனமான எடை தூக்கும்போது சர்க்கரை தற்காலிகமாக ஏறலாம், பல மணி நேரம் கழித்து, இரவுத் தூக்கத்திலும்கூட, தாழலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதிவைத்து, அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசுங்கள். பையில் 15 கிராம் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும்.

வெளியூர் போனதில் 10 நாள் விட்டுப்போயிற்று. மறுபடி லோடிங் வேண்டுமா?

வேண்டாம். தூளை நிறுத்திய பிறகு கையிருப்பு பழைய அளவுக்கு இறங்க 4 முதல் 6 வாரம் ஆகும். 10 நாளில் குறைந்தது கொஞ்சம்தான். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து விழுங்காமல், இன்று ராத்திரிச் சாப்பாட்டோடு வழக்கமான 5 கிராமை எடுத்துத் தொடருங்கள்.